வயல் கேள்வி – பதில்: சிறிய உழவு இயந்திரமும் அதை விற்பவரும்

சிறுபோக அறுவடை முடிந்து, விதைப்புத் தேதிகளைத் தீர்மானிக்கும் பெரும்போக ஆரம்பக் கூட்டங்களுக்கு நாள் குறிக்கப்படும் இந்த இடைவெளியில்தான் திருகோணமலை மாவட்டத்தில் உழவு இயந்திரம் வாங்கும் பேச்சு சூடு பிடிக்கும். நெல் விற்ற காசு கையில் இருக்கும். போன போகத்தில் வாடகை மெசினுக்காகக் காத்துக் கிடந்த எரிச்சலும் இன்னும் ஆறியிருக்காது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதையே கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதும் சிறிய உழவு இயந்திரங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தம்பலகாமத்தில் எனக்கு ஏழு ஏக்கர் வயல் உண்டு. இதுவரை இரு சில்லு லாண்ட்மாஸ்டரையும் வாடகை உழவையும் வைத்தே சமாளித்து வந்தேன். இப்போது 24 குதிரைவலுவுள்ள சிறிய நான்கு சில்லு இயந்திரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் கடன்பட்டாவது 45 குதிரைவலு எடு என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். எதை எடுப்பது, ஐயா? – வாசகர், தம்பலகாமம்

பதில்: மைத்துனர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் எந்த வேலையை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஏழு ஏக்கரை உரிய நாளில் உழுது முடிப்பது ஒரு வேலை. ஊரார் வயலை வாடகைக்கு உழுவதும், அறுவடைக் காலத்தில் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டி நெல்மூடை இழுப்பதும் வேறொரு வேலை. இரண்டுக்கும் ஒரே இயந்திரம் பொருந்துவது அரிது.

முதலாவது வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 24 முதல் 27 குதிரைவலு வரையான இயந்திரங்கள் பொதுவாக 4 அடி, அதாவது 1.2 மீற்றர் அகலமான சுழல் கலப்பையை இழுக்கும். மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி, திருப்பத்துக்கும் வரம்போரத்தில் பின்னெடுப்பதற்கும் நேரத்தில் கால்வாசியைக் கழித்துவிட்டால், ஒரு ஏக்கரை ஒருமுறை உழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் செல்லும். 45 குதிரைவலு இயந்திரத்தின் 6 அடிக் கலப்பை அதே வேகத்தில் அந்த ஏக்கரை ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும். ஆகவே உங்கள் ஏழு ஏக்கர் முழுவதற்கும் ஓர் உழவில் வரும் வேறுபாடு மூன்றரை மணித்தியாலம் மட்டுமே. அதற்காக மேலதிகக் கடனைச் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. லாண்ட்மாஸ்டரோடு ஒப்பிட்டால் கதை வேறு. 60 சென்ரிமீற்றர் அகலத்தில் உழுதுகொண்டு போகும் ஒருவர் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரம் சேற்றில் நடக்கிறார். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்து, கூட்டத்தில் தீர்மானித்த கடைசி விதைப்புத் தேதியும் நெருங்கும்போது, அந்த நடைதான் உங்களை வாடகை மெசின்காரரின் வாசலில் நிறுத்தியிருக்கும்.

டீசல் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 இல் டீசல் வரிசைகளில் காத்து நின்றவர்களுக்குச் சிறிய எஞ்சின் என்றாலே மனம் இளகுகிறது. பெரிய எஞ்சின் மணிக்குக் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மைதான். எனினும் வேலையை விரைவில் முடித்துவிடுவதால், முழுச் சுமையோடு உழும்போது ஏக்கர் ஒன்றுக்கான டீசல் நாம் நினைக்கும் அளவுக்கு வேறுபடுவதில்லை. பெரிய இயந்திரத்தைக் கொண்டு சின்ன வேலைகளைச் செய்விக்கும்போதுதான் டீசல் வீணாகிறது.

குதிரைவலுவை விட எடையைக் கவனிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்வேன். தலைமுறை தலைமுறையாகச் சேறடித்த வயலில், மேல்மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில், இறுகிய மண்படை ஒன்று உருவாகியிருக்கும். வயலில் தண்ணீர் நிற்பதே பெரும்பாலும் அந்தப் படையினால்தான். ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட பெரிய இயந்திரம் நன்றாக நனைந்த களிமண்ணில் ஒருமுறை ஆழப் புதைந்து, மீள்வதற்காகச் சில்லைச் சுழற்றிச் சுழற்றிக் குழி பறித்தால், அந்தப் படை உடைந்து, பின்வரும் போகங்களிலெல்லாம் அதே இடத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பதையும், இயந்திரம் மறுபடியும் அங்கேயே புதைவதையும் காண்பீர்கள். சிறிய இயந்திரங்களில் பல 600 முதல் 900 கிலோகிராம் வரையே வரும். அவற்றிலும் முன்சில்லுக்கும் விசை போகும் வகையையே எடுங்கள். பின்சில்லு மட்டும் இழுக்கும் வகை விலையில் மலிவாக இருந்தாலும், தம்பலகாமத்துச் சேற்றுக்கு அது போதாது.

வாங்குவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், வீட்டிலிருந்து கடைசி வரவை (வரம்பு சூழ்ந்த வயல்துண்டு) வரைக்கும் உள்ள வழியில் மிக ஒடுங்கிய மதகையும், மிக உயர்ந்த வரம்பையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரும்புக் கூண்டுச் சில்லு பூட்டிய பின் இயந்திரத்தின் அகலம் எவ்வளவு கூடும் என்பதையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது எஞ்சினின் வலு. கலப்பையைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் வலு அதைவிடக் குறைவு. இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது பி.ரி.ஓ. வலுவையே கேட்டு ஒப்பிடுங்கள்.

சொந்த வயலுக்கு மட்டும் என்றால் சிறியதையே எடுங்கள் என்பது என் முடிவு. ஆனால் மூடை ஏற்றும் எண்ணத்தை அதோடு விட்டுவிட வேண்டும். முப்பது மூடை நெல் ஏறிய பெட்டி இரண்டு தொன்னை நெருங்கிவிடும். முக்கால் தொன் இயந்திரம் அதைச் சமதரையில் இழுத்துவிடலாம், ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பெட்டிதான் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகும். வாடகை உழவும் பெட்டி ஓட்டமும் உங்கள் வருமானத்தில் பாதியாக இருக்கப் போகின்றன என்றால் மைத்துனர் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயமும் கச்சானும் செய்கிறோம். எங்களுக்கும் நான்கு சில்லு இயந்திரம் தேவையா? – வாசகர், நிலாவெளி

பதில்: தேவையில்லை. கடற்கரை மணலில் இரு சில்லு இயந்திரம் இலகுவாக வேலை செய்யும். மேடை போட்டுப் பாத்தி பிடிக்கும் தோட்டத்தில் நான்கு சில்லு திரும்புவதற்கே ஒரு துண்டு நிலத்தை ஒதுக்க வேண்டிவரும். அந்தப் பணத்தில் கிணற்றுக்கு நல்ல நீரிறைக்கும் இயந்திரமும் தூவல் நீர்ப்பாசனக் குழாயும் போடலாம். எதை வாங்கினாலும் உப்புக் காற்றை மறந்துவிடாதீர்கள். ஓலைக் கொட்டிலாவது போட்டு, வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, பற்றரி முனைகளுக்கும் நட்டுகளுக்கும் கிறீஸ் பூசி வையுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சிறிய உழவு இயந்திரங்கள் புதியதை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பார்வைக்குப் புதிது போலவே இருக்கின்றன. மணிமானியும் சில நூறு மணித்தியாலமே காட்டுகிறது. மூதூரில் ஐந்து ஏக்கர் வயலுக்கு எடுக்கலாமா? – வாசகர், மூதூர்

பதில்: ஜப்பானியச் சிறு இயந்திரங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். தண்ணீர் கட்டிய சிறிய வரவைகளில் வேலை செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை அவை. எடை குறைவு, திருப்பம் இறுக்கம், பெரும்பாலானவற்றில் முன்சில்லுக்கும் விசை உண்டு. மகாவலி முகத்துவாரத்து வண்டல் வயலுக்கு இவை நன்றாகவே பொருந்தும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இயந்திரங்கள் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை. குபோட்டா, யன்மார், இசேக்கி என்று பெயர் நாம் அறிந்ததாக இருந்தாலும், அந்த மாதிரி இங்கே புதிதாக விற்கப்பட்டதே இல்லை என்றால் இங்குள்ள முகவரின் களஞ்சியத்தில் அதன் பாகமும் இருக்காது, பாக எண் புத்தகமும் இருக்காது. பில்டர், பெல்ட், பெயாரிங் போன்றவற்றை அளவு பார்த்து எங்காவது எடுத்துவிடலாம். கியர்ப் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் உடைந்தால், அதே மாதிரியில் உடைத்து விற்கப்படும் இன்னோர் இயந்திரம் கிடைக்கும் வரை உங்கள் இயந்திரம் கொட்டிலில்தான் நிற்கும். எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த மாதிரியில் இதற்கு முன் எத்தனை விற்றீர்கள், அவற்றில் உடைத்துப் பாகத்துக்கு வைத்திருப்பது உண்டா என்பதே.

இரண்டாவது, பி.ரி.ஓ. தண்டின் வேகம். நம் ஊரில் விற்கப்படும் கலப்பைகள் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகத்துக்குச் செய்யப்பட்டவை. ஜப்பானிய இயந்திரங்கள் பலவற்றில் பி.ரி.ஓ. தண்டுக்கே மூன்று நான்கு கியர்கள் உண்டு. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருப்பதால், எது 540 என்று தெரியாமல் கூடிய கியரில் போட்டு ஓட்டினால் கலப்பையின் கியர்ப் பெட்டி வெகுநாள் தாங்காது. விற்பவரைக் கொண்டே ஒவ்வொரு நெம்புகோலுக்கும் தமிழில் எழுதி ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கலப்பையை இணைக்கும் கொளுவியையும் அளந்து பாருங்கள். முதலாம் வகை மூன்று புள்ளி இணைப்பில் கீழ் ஊசி 22 மில்லிமீற்றர் இருக்கும். மிகச் சிறிய இயந்திரங்களில் அது 16 மில்லிமீற்றராக இருந்தால், ஊரில் இரவல் வாங்கக்கூடிய எந்தக் கலப்பையும் பொருந்தாது.

மணிமானியை நம்ப வேண்டாம். அதை மாற்றுவது கடினமான காரியமல்ல. கிளச், பிரேக் மிதிகளின் இறப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மூன்று புள்ளி இணைப்பின் துவாரங்கள் எவ்வளவு அகன்றிருக்கின்றன என்பவை பொய் சொல்லா. பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லாமல் காலையில் போய், எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு உங்கள் கண்முன்னே இயக்கச் சொல்லுங்கள். சூடேறிய பின்னும் நீலப் புகை நீங்காவிட்டால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது என்று பொருள். கலப்பையை உயர்த்திவிட்டு எஞ்சினை நிறுத்தி, தேநீர் குடிக்கும் நேரம் பேசிக்கொண்டிருங்கள். அதற்குள் கலப்பை நிலத்துக்கு இறங்கிவிட்டால் ஹைட்ரோலிக்கில் கசிவு உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது முன்அச்சு. சேற்று உழவில் முதலில் களைப்பது முன்சில்லின் மூட்டில் ஒயிலைக் காக்கும் சீல்தான். அச்சின் அடியிலுள்ள ஒயில் ஆணியைக் கழற்றி, வரும் ஒயிலை வெள்ளைத் துணியொன்றில் ஏந்திப் பாருங்கள். ஒயில் தெளிவாகவோ கறுத்தோ வந்தால் குறையில்லை. பால் ஊற்றிய தேநீரைப் போல மங்கி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பெயாரிங்கும் பல்லும் துருவேறத் தொடங்கியிருக்கும். விற்பவர் அந்த ஆணியைக் கழற்றவே விடமாட்டேன் என்றால், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். உள்ளூரில் கைமாறும் இயந்திரமானால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். வெருகல், மூதூர்ப் பக்கங்களில் வெள்ளம் ஏறிய ஆண்டுகளில் கொட்டிலோடு தண்ணீரில் நின்ற இயந்திரங்கள், புதுப் பெயின்றோடு விலைக்கு வருவது உண்டு.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா விட்டுச் சென்ற ஆறு ஏக்கர் வயலை இரண்டு வருடமாக நானே பார்த்து வருகிறேன். புது இயந்திரம் ஒன்று எடுக்கத் தீர்மானித்து, தம்பியோடு இரண்டு மூன்று விற்பனை நிலையங்களுக்குப் போனேன். கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது தம்பிக்கு. எந்தக் கொம்பனி நல்லது, எந்த முகவரை நம்புவது என்று சொல்வீர்களா? – வாசகி, கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம். உங்கள் கேள்விக்கு உங்களைப் பார்த்துப் பதில் சொல்லாதவர், உழவு நாளில் நீங்கள் தொலைபேசி எடுத்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதை இப்போதே காட்டிவிட்டார். அந்த அளவில் அவர் உங்களுக்கு நேரம் மிச்சப்படுத்தித் தந்திருக்கிறார்.

கொம்பனிப் பெயரைச் சொல்லி இதை எடுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. குபோட்டாவை ஹேலீஸ் நிறுவனமும், டாஃபேயை பிரவுண்ஸ் நிறுவனமும் இந்நாட்டில் விற்று வருகின்றன. வேறு இந்திய, சீனத் தயாரிப்புகளும் உண்டு. இன்று விற்பனையிலுள்ள அறியப்பட்ட தயாரிப்புகளுள் ஒழுங்காகப் பராமரித்தால் உழாது என்று சொல்லத்தக்க இயந்திரம் எதுவுமில்லை. உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேறுபாடு இயந்திரத்தில் அல்ல, அது நின்றுபோகும் நாளில் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வந்த வாரத்தில் இயந்திரம் நான்கு நாள் நின்றால், எவ்வளவு நல்ல இயந்திரமும் கெட்ட இயந்திரம்தான். ஆகவே, முதலில் முகவரைத் தெரிவு செய்யுங்கள். அவர் விற்பவற்றுள் உங்கள் வயலுக்குப் பொருந்துவதைப் பிறகு தெரிவு செய்யலாம்.

முகவரை அறிய, காட்சிக் கூடத்தின் முன்வாசலால் போகாமல் உதிரிப்பாகம் விற்கும் மேசைக்குப் போங்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் மாதிரியின் பெயரைச் சொல்லி, டீசல் பில்டர், ஒயில் பில்டர், பெல்ட், கிளச் தட்டு, முன்அச்சுச் சீல் ஆகிய ஐந்தையும் விலை கேளுங்கள். எடுத்து மேசையில் வைத்து விலை சொல்பவர் ஒருவகை. கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரலாம் என்பவர் இன்னொரு வகை. பில்டர் மட்டும் இருந்து, கிளச் தட்டும் சீலும் இல்லை என்றால், அங்கே விற்பனை நடக்கிறது, பழுதுபார்த்தல் நடக்கவில்லை என்று கொள்ளலாம். அடுத்து கராஜ். இயந்திரம் திறந்து கிடந்தால் நல்லது. உள்ளே யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். அங்கு பழுதுபார்க்கும் பாஸ்மாரிடம் பேச்சுக் கொடுங்கள். வயலுக்கே வந்து பழுது பார்ப்பார்களா, அதற்குக் கட்டணம் எப்படி, ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் தொலைபேசி எடுப்பார்களா என்பவற்றை விற்பனையாளரை விட அவர்களே உள்ளபடி சொல்வார்கள்.

தூரத்தைப் பற்றி முன்பு போலக் கவலைப்பட வேண்டியதில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் எதுவும் கரை மாற வேண்டியிருந்தது. இன்று திருகோணமலை நகரத்திலிருந்து ஒரு சேவை வாகனம் புறப்பட்டால் மூதூருக்கும் நேரே வந்துவிடும். கந்தளாயிலுள்ள முகவரும் நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில்தான். இந்த எல்லைக்குள் ஒருவர் இருக்கும்போது, சில ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக அநுராதபுரத்துக்கோ தம்புள்ளைக்கோ போய் எடுப்பதை நான் விரும்ப மாட்டேன். எடுக்கும் விலையில் குறைந்தது, முதல் பழுதுக்கு ஏற்றிப் போகும் லொறி வாடகையில் போய்விடும்.

உத்தரவாதப் பத்திரத்தை வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள். எத்தனை வருடம் என்பதோடு எத்தனை மணித்தியாலம் என்றும் போட்டிருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்துவிடும். சேற்று உழவில் சீல்கள் பழுதானால் பொறுப்பா, கூண்டுச் சில்லு பூட்டினால் உத்தரவாதம் நீங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நெல்வயலுக்கு விற்கும் இயந்திரத்துக்குச் சேறு ஆகாது என்று எழுதியிருப்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான புது இயந்திரங்களுக்கு முதல் சேவை 50 மணித்தியாலத்தில் வரும். நெருக்கமாக உழுதால் அது முதற் போகத்துக்குள்ளேயே வந்துவிடும் என்பதால், அந்தச் சேவையை வயலில் செய்து தருவார்களா என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிக் காட்டுவதென்றால் அவர்கள் முற்றத்தில் வேண்டாம், உங்கள் வயலில், அதிலும் மிக ஈரமான வரவையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதே மாதிரியை அவரிடம் வாங்கியவர்களின் பெயரைக் கேட்டு, போன மாதம் வாங்கியவரை விட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் வாங்கியவரைப் போய்ப் பாருங்கள். அவருடைய இயந்திரம் நின்ற கதையும், அது மறுபடி ஓடத் தொடங்க எத்தனை நாள் ஆனது என்பதும் உங்களுக்குப் போதும். பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் இருக்க வேண்டும்; இயந்திரத்தில் பொறித்திருப்பதோடு அவற்றை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்து தருவது யார் பொறுப்பு, பெட்டியும் எடுப்பதானால் அதன் பதிவும் அதில் அடங்குமா என்பதையும் அதே தாளில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லீசிங்கில் எடுப்பது நல்லதா, நகையை அடகு வைத்து எடுப்பது நல்லதா? – வாசகர், கந்தளாய்

பதில்: எந்தக் கடனானாலும், நெற்காரருக்குப் பணம் வருவது வருடத்தில் இரண்டு முறை, பெரும்போக அறுவடையோடு பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோக அறுவடையோடு ஓகஸ்ட், செப்ரெம்பரிலும். மாதத் தவணை என்பது சம்பளக்காரருக்கு அமைந்த முறை. அறுவடைக்கு அறுவடை கட்டும் வகையில் தவணையை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும்போது மொத்த வட்டி கூடும் என்பதால், கடைசித் தவணை வரை கட்டி முடிக்கும் முழுத் தொகையையும் எழுத்தில் வாங்கி இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

லீசிங்கில் எடுத்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கொம்பனியின் பெயரே இருக்கும். கடன் முடிந்ததும் அந்தப் பெயரை நீக்குவித்துப் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் வரை காரியம் முடியவில்லை. பாவித்த இயந்திரம் வாங்குவோரும் புத்தகத்தில் அந்தப் பெயர் உள்ள கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடகு நகை பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. வீட்டில் நகை யாருடையதோ அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இயந்திரத்தோடு எந்தக் கலப்பைகளை எடுக்க வேண்டும்? முகவர் ஐந்து கருவிகளை ஒரு பொதியாகத் தரப் பார்க்கிறார். – வாசகர், சேருவில்

பதில்: பொதியை விடுங்கள். புழுதி உழவுக்குக் கொத்துக் கலப்பையும், சேறடிப்பதற்குச் சுழல் கலப்பையும், ஒரு சோடிக் கூண்டுச் சில்லும் இருந்தால் முதற் போகம் ஓடிவிடும். சுழல் கலப்பையில் உங்கள் கவனம் இருக்க வேண்டியது கத்தியில். தேய்ந்த கத்தியை மாற்ற அதே வளைவுள்ள கத்தி ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். மட்டப்படுத்தும் பலகையை ஊர்ப் பட்டறையிலேயே இரும்பில் செய்வித்துக்கொள்ளலாம். மற்றவற்றை ஒரு போகம் உழுத பின் யோசியுங்கள். அதற்குள் அவற்றில் பாதி தேவையில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: மகனுக்கு லாண்ட்மாஸ்டர் ஓட்டத் தெரியும். நான்கு சில்லுக்கு வேறு அனுமதிப்பத்திரம் வேண்டுமா? ஓட்டப் பழக்கும் இடம் ஏதும் உண்டா? – வாசகர், சம்பூர்

பதில்: வேண்டும். பெட்டி பூட்டிய இரு சில்லு இயந்திரத்துக்கு ஜி1 வகுப்பும், நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி வகுப்பும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு, விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் அநுராதபுரத்தில் இருக்கிறது; சேர்வது பற்றி உங்கள் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

மகன் முதலில் பழக வேண்டியது வரம்பு கடப்பது. லாண்ட்மாஸ்டரில் வரம்பை நேரே ஏறிப் பழகியவர், கலப்பை பூட்டிய நான்கு சில்லையும் அப்படியே ஏற்றுவார். முன்சில்லு மேலெழும், அது பின்பக்கம் கவிழ்வதற்குள் இறங்கவும் நேரம் இராது. உயர்ந்த வரம்பை மண்வெட்டியால் சரித்து வழி எடுத்த பிறகுதான் கடக்க வேண்டும். வழி எடுக்க முடியாத செங்குத்தான இடத்தில் பின்னோக்கி ஏற வேண்டும். கயிறோ சங்கிலியோ கட்டி எதையும் இழுப்பதானால் பின்னாலுள்ள தாழ்ந்த கொளுவியில் மட்டுமே கட்ட வேண்டும், அச்சிலோ மேல் இணைப்பிலோ கட்டக்கூடாது. இருக்கைக்குப் பின்னாலுள்ள பாதுகாப்புக் கம்பியை மரக்கிளையில் படுகிறது என்று கழற்றி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதைக் கழற்ற விடாதீர்கள், பட்டியையும் போடச் சொல்லுங்கள். சேற்றுக்காப்பில் தம்பி தங்கையை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.